பழைய ஐரோப்பியத் துப்பாக்கிப் பூட்டுகள்: காலம் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழல்வாய் வழியாக வெடிமருந்திட்டுச் சுடும் பழைய ஐரோப்பியத் துப்பாக்கி ஒன்றைக் கையில் எடுப்பவர், பெரும்பாலும் முதலில் பார்ப்பது அதன் வலப்பக்கத்தில் பொருத்தியிருக்கும் பூட்டைத்தான். மருந்தைப் பற்றவைக்கும் இந்தப் பொறி துப்பாக்கியின் வகையைச் சொல்லிவிடும் என்பது உண்மை. அதன் காலத்தையும் அதுவே சொல்லிவிடும் என்று நம்புவதில்தான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன. மேட்ச்லாக் என்றால் 15ஆம் நூற்றாண்டு, வீல்லாக் என்றால் 16, ஃபிளின்ட்லாக் என்றால் 18 என்று வாய்ப்பாடு போல ஒப்பிப்பவர்களை ஏலக்கூடங்களிலும் சேகரிப்பாளர்களிடையேயும் இன்றும் காணலாம். ஒரு துப்பாக்கி எந்தக் காலத்துக்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே பூட்டின் வகை காட்டும். எதுவரை செய்யப்பட்டிருக்கலாம் என்பதற்கு அதனிடம் விடை கிடையாது.

கனன்றுகொண்டிருக்கும் திரியைக் கொக்கி ஒன்று மருந்துக் கிண்ணத்தில் கொண்டுபோய் வைப்பது மேட்ச்லாக். 15ஆம் நூற்றாண்டில் தோன்றிய இந்த எளிய பூட்டு, மலிவானது என்பதாலேயே ஐரோப்பியக் காலாட்படைகளில் 17ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நீடித்தது. சாவியால் முறுக்கிவைத்த பல்சக்கரம் சுழன்று பைரைட் கல்லில் உரசிப் பொறி எழுப்பும் வீல்லாக், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. ஆடைக்குள் மறைத்து எடுத்துச்செல்ல வசதியானது என்று அஞ்சிய புனித ரோமானியப் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன், 1517-18இலேயே அதற்குத் தடை விதித்தார். ஆனால் ஜெர்மானிய, ஆஸ்திரியப் பிரபுக்களின் வேட்டைத் துப்பாக்கிகளில் அதே வீல்லாக் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் புதிதாகச் செய்து பொருத்தப்பட்டது. தந்தமும் முத்துச்சிப்பியும் இழைத்த வீல்லாக் ஒன்றைக் கண்டவுடன் 1550 என்று எழுதிவிடுகிறவர், நூற்றைம்பது ஆண்டுவரை தவறியிருக்க வாய்ப்புண்டு.

அடுத்த தவறு, வெளித்தோற்றத்தில் ஒத்திருக்கும் பூட்டுகளை ஒன்றாக எண்ணுவது. சக்கிமுக்கிக் கல் எஃகில் மோதிப் பொறி எழுப்பும் பூட்டுகள் எல்லாமே ஃபிளின்ட்லாக் ஆகிவிடமாட்டா. கல்லைக் கவ்விப் பாயும் உறுப்பு குதிரை. ஸ்னாப்ஹான்ஸ் பூட்டில் குதிரை மோதும் எஃகுத் தகடு வேறு, மருந்துக் கிண்ணத்தின் மூடி வேறு. குதிரை பாயும்போது உள்ளிருக்கும் இணைப்புக் கம்பி ஒன்று மூடியைத் தள்ளித் திறக்கிறது. மிக்யூலெட்டில் எஃகும் மூடியும் எல் வடிவில் ஒரே துண்டு. ஆனால் குதிரையைப் பாயவைக்கும் மெயின் ஸ்பிரிங் அதன் பூட்டுத் தகட்டுக்கு வெளியே தெரிகிறது, குதிரையைத் தாங்கிப் பிடிக்கும் நெம்பு தகட்டைத் துளைத்துக் கிடைமட்டமாக வெளியே நீள்கிறது. ஸ்பிரிங் வெளியே இருந்தால் மிக்யூலெட் என்று முடிவுகட்டுவதும் தவறே. பால்டிக் பகுதிப் பூட்டுகளில் பலவற்றிலும், இன்றைய போலந்து-செக் எல்லையிலுள்ள டெஷன் நகரத்தை ஒட்டிச் செய்யப்பட்ட சிங்கே என்னும் இலகுவான வீல்லாக்கிலும் ஸ்பிரிங் வெளியில்தான் இருக்கும். மிக்யூலெட் என்று உறுதியான பிறகு ஸ்பிரிங் குதிரையை எந்த இடத்தில் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். குதிரையின் பின்காலை மேல்நோக்கித் தள்ளினால் அது ஸ்பெயினின் பாட்டியா. முன்காலைக் கீழ்நோக்கி அழுத்தினால் அது இத்தாலிய ரோமானா.

பிரெஞ்சுப் பூட்டு என்றும் அழைக்கப்படும் முழுமையான ஃபிளின்ட்லாக், நார்மண்டியின் லிசியூ நகரில் லெ பூர்ஷ்வா குடும்பத்தாரின் பட்டறையில் 1610களில் உருப்பெற்றதாகக் கருதப்படுகிறது. பிரெஞ்சு மன்னர் பதின்மூன்றாம் லூயிக்காகச் செய்யப்பட்ட இப்படியொரு துப்பாக்கி நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதில் எஃகும் மூடியும் ஒன்றே. பிடிநெம்பு செங்குத்தாக அசைந்து, குதிரையோடு சேர்ந்து சுழலும் உள்துண்டின் வெட்டுகளில் விழுந்து, பாதுகாப்பான பாதி ஏற்றம், சுடத் தயாரான முழு ஏற்றம் என்னும் இரு நிலைகளையும் தருகிறது. குதிரைக்குப் பின்னால் கொக்கி போன்ற வெளித்தடுப்பு இருந்தால் அது 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பரவலாக இருந்த டாக்லாக்காக இருக்கலாம். இந்த வேறுபாடுகளில் பாதியை வெளியிலிருந்து பார்க்கவே முடியாது என்பதால், பூட்டைக் கழற்றாமல் தீர்ப்புச் சொல்வது எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லாத பழக்கம்.

கழற்றுமுன் குழலில் மருந்து இருக்கிறதா என்று பார்க்கத் தவறுவது, தவறுகளிலேயே ஆபத்தானது. நூறாண்டுக்கு முன் இட்ட கருமருந்து ஈரமின்றி இருந்தால் இன்றும் பற்றும். மெல்லிய மரக்கோல் ஒன்றைக் குழலுக்குள் அடிவரை விட்டு, குழல்வாய் மட்டத்தில் அடையாளமிட்டு வெளியே எடுத்து, அதைக் குழலின் வெளிப்புறத்தில் ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும். கோலின் நுனி, கிண்ணத்து நெருப்பு குழலுக்குள் செல்லும் பற்றுத்துளைவரை வந்தால் குழல் வெறுமையாக இருக்கிறது என்று பொருள். இரண்டு மூன்று அங்குலம் முன்னதாகவே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது, அதை அனுபவமுள்ளவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அதன்பின் குதிரையைப் பாதி ஏற்றத்தில் வைத்து, இடப்பக்கத்து ஆணிகளை முழுதாக எடுத்துவிடாமல் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தி, அவற்றின் தலையை மெதுவாகத் தட்டினால் பூட்டு துப்பாக்கியின் மரக்கட்டையிலிருந்து தானாகவே நகர்ந்து வரும். திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பியவர்கள் விட்டுச்சென்ற வடு எத்தனையோ துப்பாக்கிகளின் கட்டையில் இன்றும் தெரிகிறது.

பூட்டுத் தகட்டில் பொறித்த எழுத்தை அப்படியே நம்புவது மிகப் பரவலான தவறு. கிரீடத்தின் கீழ் ஜி ஆர் என்னும் எழுத்துகள் பிரிட்டிஷ் அரசுப் பூட்டு என்பதைக் காட்டும். ஆனால் ஜார்ஜ் என்ற பெயருள்ள நான்கு மன்னர்கள் அடுத்தடுத்து 1714 முதல் 1830 வரை ஆண்டதால், அந்த எழுத்துகள் மட்டும் நூறாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியை விட்டுவைக்கின்றன. லண்டன் டவர் கோட்டையில் இருந்த அரசு ஆயுதக்கிடங்கைக் குறிக்கும் டவர் என்ற சொல்லும் அப்படித்தான். 1764ஆம் ஆண்டுவரை அரசுப் பூட்டுகளில் ஒப்பந்தக்காரரின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டன. அதன்பின் அவை நிறுத்தப்பட்டு, டவர் என்ற சொல் அந்த இடத்துக்கு வந்தது. எனவே டவர் என்றும் 1777 என்றும் ஒருசேரப் பொறித்த ராணுவப் பூட்டைக் கண்டால் வாங்க அவசரப்பட வேண்டாம். போதாக்குறைக்கு, 19ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்க வணிகத்துக்கென பர்மிங்காமிலும் பெல்ஜியத்தின் லியேஜ் நகரிலும் செய்து குவித்த மலிவுத் துப்பாக்கிகளிலும் கிரீடமும் டவரும் தாராளமாக இடம்பெற்றன. தனியார் துப்பாக்கிகளில் லண்டன் என்று பொறித்திருப்பதும் விற்பனைத் தந்திரமாக இருந்திருக்கலாம். லண்டன் கடைக்காரர் பெயர் தாங்கிய நல்ல பூட்டுகளில் பலவும்கூட நடு இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் பக்கத்துப் பூட்டுக் கொல்லர்களிடமிருந்து வாங்கப்பட்டவையே. தகட்டின் உட்புறத்தைப் பார்த்தால் பிரேசியர் போன்றோரின் முத்திரை தென்படும். குழலில் இத்தாலியக் குழல் கொல்லர் லாசரினோ கொமினாட்சோவின் பெயர் இருந்தால் பூட்டும் இத்தாலியப் பூட்டே என்று எண்ணுவதற்கும் இடமில்லை. புகழ்பெற்ற அந்தப் பெயரைத் தலைமுறை தலைமுறையாகப் பலரும் பொறித்தார்கள். நல்ல குழல்கள் நாடுவிட்டு நாடு போய் வேறு கட்டையும் வேறு பூட்டும் பெற்றதும் சாதாரணம்.

எழுத்தைவிடத் தகட்டின் வடிவமே நம்பத்தக்க சாட்சி. பிரவுன் பெஸ் என்ற செல்லப்பெயரால் அறியப்படும் பிரிட்டிஷ் மஸ்கெட்டின் (காலாட்படையின் நீண்ட துப்பாக்கி) தொடக்கக்காலப் பூட்டுத் தகடு, கீழ்விளிம்பு வளைந்து வாழைப்பழ வடிவில் இருக்கும். 1756ஆம் ஆண்டு மாதிரியில் அந்த விளிம்பு நேராகிவிடுகிறது. குதிரையின் கழுத்து அன்னத்தின் கழுத்தைப் போல மெல்லியதாக இருப்பது பழைய முறை. அது அடிக்கடி முறிந்ததால், அதன் பிற்கால வகையான இந்தியா மாதிரி மஸ்கெட்டில் 1809 முதல் நடுவில் துளையிட்ட தடித்த வளையக் கழுத்து வந்தது. எஃகுத் தகட்டின் நுனி ஸ்பிரிங்கில் உராயாமல் உருள்வதற்கான சிறு உருளை, உள்துண்டையும் மெயின் ஸ்பிரிங்கையும் சேர்க்கும் சிறு இணைப்பு, மழைநீர் வழிந்தோடும்படி அமைத்த கிண்ணம் ஆகியவை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைக் காட்டும். பிரெஞ்சு ராணுவத்தின் 1777 மாதிரியைப் பித்தளைக் கிண்ணமே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பூட்டில் பல காலத்து அம்சங்கள் கலந்திருந்தால் அவற்றில் பிந்தியதைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும்; பழைய அம்சத்தைப் பிடித்துக்கொண்டு வயதை ஏற்றுவது விற்பவரின் வேலை.

தமிழ்நாட்டில் ஒருவர் பார்க்க நேரும் ஐரோப்பியப் பூட்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செய்யப்பட்டவை பல இருக்கும் என்பதால், பிரிட்டிஷ் அரசு விதிகளை அவற்றின்மேல் அப்படியே ஏற்றக் கூடாது. அரசு நிறுத்திய பிறகும் கம்பெனிப் பூட்டுகளில் செய்தவர் பெயரும் ஆண்டும் தொடர்ந்தன. நான்காகப் பிரித்த இதயத்துக்குள் எழுத்துகள் கொண்ட சின்னம் பழையது. 1808 முதல் அதனிடத்தில் பின்காலில் நிற்கும் சிங்கம் வந்தது. இதயச் சின்னத்தின் அருகே 1790 என்றிருந்தால் அது இயல்பானதே. சிங்கத்தின் அருகே அதே ஆண்டு இருந்தால் ஏதோ ஒன்று பிற்காலத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இதைச் சோதிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். பழைய எழுத்தின் விளிம்பைத் துருக்குழிகள் அங்கங்கே அரித்துத் தின்றிருக்கும். புதிதாக வெட்டிய எழுத்தோ துருக்குழிக்குள்ளும் கூர்மை மாறாமல் இறங்கி ஏறும்.

மாற்றியமைத்த பூட்டுகளைக் கண்டுகொள்ளாமல் விடுவது இன்னொரு பெரும்பிழை. ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி ஊர்ப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித், அடித்தால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிப் பூட்டில் பயன்படுத்தும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். 1820களில் அத்தகைய மருந்தை உள்ளடக்கிய சிறு செம்புத் தொப்பி பரவியதும், ஆயிரக்கணக்கான ஃபிளின்ட்லாக்குகளிலிருந்து கிண்ணமும் எஃகும் அகற்றப்பட்டு, குதிரையின் இடத்தில் சுத்தியல் பொருத்தப்பட்டது. அது நேர்மையான பழைய வேலை, துப்பாக்கியின் வரலாற்றில் ஒரு பகுதி. சிக்கல் எங்கே என்றால், ஃபிளின்ட்லாக்குக்குச் சந்தையில் விலை அதிகம் என்பதால், அப்படி மாற்றப்பட்டவற்றைப் பிற்காலத்தில் சிலர் மறுபடி ஃபிளின்ட்லாக்காக்கினார்கள். ஆண்டுக்கணக்கில் சுடப்பட்ட உண்மையான ஃபிளின்ட்லாக்கில் பற்றுத்துளையைச் சுற்றியும் கிண்ணத்தின் உட்புறத்திலும் மருந்துப் புகையின் அரிப்பு இருக்கும். எஃகின் முகத்தில் கல் கீறிய கோடுகள் மேலிருந்து கீழாக ஓடும். கிண்ணம் வழவழப்பாகவும் அதை ஒட்டிய குழல்பகுதி அரித்தும் இருந்தால் இரண்டும் ஒரே வாழ்க்கையை வாழவில்லை. தகட்டின் உட்புறத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், அடைத்துத் தேய்த்த பழைய ஆணித்துளைகள் வட்டமாக நிறம் மாறித் தெரியும். உறுப்புகளைச் சேர்த்தபோது கொல்லர் அரத்தால் இட்ட கோட்டுக்குறிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதையும், குதிரையை இறக்கினால் கல் கிண்ணத்தின் நடுவை நோக்கி வருகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இதே ஐயத்தை எல்லை மீறிக் கொண்டுபோவதும் தவறு. தேய்ந்த எஃகின் முகத்தில் புதிய எஃகுப் பட்டையை ஒட்டுவது அந்தக் காலத்தில் வழக்கமான பழுதுவேலை. முறிந்த குதிரைக்குப் பதில் வேறொன்றைப் பொருத்துவதும் அப்படியே. படைக்கொட்டில் கொல்லர்கள் இதை அன்றாடம் செய்தார்கள். இத்தகைய பூட்டைப் போலி என்று ஒதுக்காமல், பட்டியலில் பூட்டுத் தகடு இந்த ஆண்டினது, குதிரை பிற்காலத்தது, குழல் இன்ன நாட்டினது, கட்டை மாற்றப்பட்டது என்று உறுப்புவாரியாகக் காலம் எழுத வேண்டும். எழுதி முடிக்கும்வரை பளபளப்பு ஏற்றும் எந்தப் பசையும் பூட்டின்மேல் படக் கூடாது. தேய்த்தால் முதலில் போவது துருவல்ல, ஆழம் குறைந்த முத்திரைகளும் அரக்குறிகளும்தான்.