டிராலி தள்ளுபவர்களின் அடிகள் எங்கே போயின?

அலுவலக நடைப் போட்டியில் தினம் 8,000 அடி இலக்கு. ஷிஃப்ட் முழுக்க டிராலி தள்ளி நடக்கும் குடோன் ஆட்களின் அடி எண்ணும் கைப்பட்டை 3,000-ஐத் தாண்டவில்லை. நாற்காலியில் இருக்கும் கணக்குப் பிரிவு முன்னால் நின்றது. நான்கு நாள் இதிலேயே போயிற்று.

முதலில் பட்டையின் கணக்கை வாங்கிக் காட்டும் போன் செயலி மீதுதான் சந்தேகம். போனில் அதற்கு மட்டும் பேட்டரி சேமிப்பை நீக்கினேன். தரவு உடனுக்குடன் வந்தது, எண் மாறவில்லை. அடுத்து உயரம், அடி நீளம் திருத்தினேன். வீண் வேலை, அது தூரத்தைத்தான் மாற்றும், அடிக்கணக்கைத் தொடாது. பட்டையை இறுக்கிக் கட்டியும் பயனில்லை.

துப்பு கிடைத்தது சாப்பாட்டு நேரத்தில். கேன்டீனுக்குப் போய்வந்த அடிகள் மட்டும் ஒழுங்காக ஏறியிருந்தன. வித்தியாசம், டிராலி! பட்டைக்குள் இருக்கும் முடுக்கமானி (அசைவை உணரும் சென்சார்) மணிக்கட்டின் அசைவை வைத்துத்தான் அடியை ஊகிக்கிறது. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினால் மணிக்கட்டு அவ்வளவாக அசைவதில்லை. வாய்விட்டு எண்ணி 100 அடி நடக்கவைத்தேன்: கைவீசி நடந்தால் 98, டிராலியோடு 17. கணுக்காலில் கட்டிப் பார்க்கலாம் என்றால் பட்டையின் வார் எட்டவில்லை. அதே பட்டையைப் பேண்ட் முன்பாக்கெட்டில் போட்டதும் டிராலியோடு 96. இதயத்துடிப்பு அங்கே பதிவாகாது. போட்டிக்கு அது தேவையுமில்லை.

கணக்குப் பிரிவின் ரகசியம் வேறு. இருவருக்குப் போனும் பட்டையும் ஒரே செயலிக்கு அடிகளை எழுதி, எண் இரட்டித்திருந்தது. அடிகளை எழுதப் போனுக்கு இருந்த அனுமதியை நீக்கியதும் பாதியானது.