முன்சக்கர இயக்கக் கார் ஏற்றத்தில் வழுக்குகிறதா, குதிக்கிறதா? வீட்டிலேயே கண்டறியும் முறை

பெங்களூருவின் அடுக்ககங்களில் வசிப்பவர்களுக்கு, நிலத்தடி நிறுத்தத்திலிருந்து சாலைக்கு ஏறும் சாய்தளம் அன்றாடத் தேர்வுதான். மழை பெய்த காலையில் அந்த ஏற்றத்தில் முதல் கியரில் கிளம்பும்போது இரண்டு வகையான தொல்லைகள் வரலாம். 'சர்ர்' என்று முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுவது ஒன்று. காரின் முன்பகுதி முழுவதும் 'தட தட தட' என்று அதிர, ஸ்டீயரிங் கையில் உதறுவது மற்றொன்று. முன்னது வழுக்கல், பின்னது குதிப்பு. வழுக்கல் பெரும்பாலும் டயரையும் தரையையும் பற்றிய செய்தி. குதிப்போ டயருக்கும் காரின் உடலுக்கும் இடையிலுள்ள ரப்பர் பாகங்களைப் பற்றிய செய்தி. இந்த வேறுபாடு தெரியாமல் பணிமனைக்குப் போனால், தேவையில்லாத பாகத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு வர நேரிடும். எனக்கு அப்படித்தான் நேர்ந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

காரணத்தை முதலில் புரிந்துகொள்வோம்

1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு, நம் நாட்டுச் சிறிய கார்களில் மிகப் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவையாக மாறிவிட்டன. இன்ஜினின் எடை முன்சக்கரங்களின் மேலேயே இருப்பதால் நிதானமான ஓட்டத்தில் பிடிமானம் நன்றாகவே கிடைக்கிறது. ஆனால் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எடை பின்னுக்குச் சாய்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1,000 கிலோ எடையுள்ள காரில் 620 கிலோ முன்சக்கரங்களின் மேல் இருப்பதாகக் கொள்வோம். எடைமையம் தரையிலிருந்து 0.55 மீட்டர் உயரத்திலும், முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தொலைவு 2.5 மீட்டராகவும் இருந்தால், புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் மூன்று பங்கு அளவுக்கு முடுக்கும்போது சுமார் 66 கிலோ பின்னுக்குப் போய்விடும். முன்னால் எஞ்சுவது 554 கிலோ. ஈரமான தரையின் உராய்வுக் கெழுவை 0.5 என்று எடுத்துக்கொண்டால், அந்தச் சக்கரங்கள் தாங்கக்கூடிய இழுவிசை 277 கிலோ எடைக்குச் சமம். 110 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் சாதாரண பெட்ரோல் இன்ஜினோ, முதல் கியரில் அதைச் சுமார் 14 மடங்காக்கி, ஏறத்தாழ 560 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தரையில் செலுத்த முயலும். தாங்கும் அளவைப் போல இரண்டு மடங்கு. இத்தனைக்கும் இது சமதளக் கணக்கு. ஏற்றத்திலும், பின்னிருக்கையில் மூவர் அமர்ந்து டிக்கியும் நிறைந்திருக்கும்போதும் முன்சக்கரங்களின் பங்கு மேலும் குறையும்.

குதிப்பு எப்படி உண்டாகிறது? கனமான மர மேசையைச் சிமென்ட் தரையில் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அதன் கால்கள் சீராக நகராமல், பிடித்துப் பிடித்து விட்டு, தடதடவென்று அதிரும். டயரும் அப்படியே தரையைப் பற்றுகிறது. அதன் பக்கச்சுவர் முறுக்கிக்கொள்கிறது, சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்கள் நசுங்குகின்றன, இன்ஜின் தன்னைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளின் மேல் சாய்கிறது. பிடி விட்ட கணத்தில் இவை அனைத்தும் பழைய நிலைக்குத் துள்ளித் திரும்ப, டயர் மறுபடியும் தரையைப் பற்றுகிறது. ஒரு வினாடியில் இது பலமுறை நிகழ்வதையே நாம் குதிப்பாக உணர்கிறோம். ஒவ்வொரு துள்ளலும், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் மூட்டுகளிலும் கியர்பாக்ஸிலும் சம்மட்டி அடியாக விழுவதால், இதைப் பழகிப்போன சத்தமாக விட்டுவிடக் கூடாது.

படி 1: எப்போது வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு வாரத்துக்குக் கவனியுங்கள். ஈரத்தில் மட்டுமா, காய்ந்த சாலையிலுமா? ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதா, திருப்பியிருக்கும்போதா? இன்ஜினின் விசையைப் பிரித்துத் தரும் சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும் என்பதால், ஒரு சக்கரம் பிடியிழந்தாலே மற்றதன் இழுவையும் குறைந்துவிடும். ஒரு பக்கச் சக்கரம் மணலிலோ, மழையில் ஊறிக் கிடக்கும் பெருங்கொன்றைப் பூக்களின் மேலோ நின்றிருந்தால், வழுக்கலுக்கு அதுவே போதும். காய்ந்த, சுத்தமான சாலையிலும் குதிக்கிறது என்றால் நான்காம் படியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கால் மிதிக்கும் விதத்தைச் சரிசெய்யுங்கள்

ஸ்டீயரிங்கை நேராக்கிக்கொண்டு, கிளட்சை மெதுவாக விட்டு, கார் நகரத் தொடங்கிய பிறகே ஆக்சிலரேட்டரைக் கூட்டுங்கள். வழுக்கவோ குதிக்கவோ தொடங்கியதும் ஆக்சிலரேட்டரை உடனே தளர்த்துங்கள். அழுத்த அழுத்தப் பிடிமானம் குறையும். சமதளத்தில் சேறாக இருந்தால் இரண்டாம் கியரில் கிளம்பலாம். சக்கரம் வழுக்குவதைத் தானே கட்டுப்படுத்தும் டிராக்ஷன் கண்ட்ரோல் உள்ள காரில் அதன் விளக்கு மின்னுவது பழுதைக் குறிப்பதன்று, அது வேலை செய்கிறது என்பதையே குறிக்கிறது.

படி 3: டயர்

ஓட்டுநர் பக்கக் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவின்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிபாருங்கள். தடவரிகளுக்கு நடுவிலுள்ள சிறு மேடுகளின் மட்டத்துக்கு ரப்பர் தேய்ந்திருந்தால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிஞ்சியிருக்கிறது. மாற்றியே ஆக வேண்டும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண், தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். தடவரி ஆழமாக இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப் போயிருக்கும்.

படி 4: இன்ஜின் மவுண்ட்

தொடக்கநிலையாளர்கள் தவறவிடுவது இதைத்தான். சில ஆண்டுகளுக்கு முன், என் கார் காய்ந்த சாலையிலேயே குதிக்கத் தொடங்கியபோது, ஒரு பணிமனையில் டிரைவ் ஷாஃப்டை மாற்றச் சொன்னார்கள்; மாற்றினேன், குதிப்பு நிற்கவில்லை. அல்சூரில் இருக்கும் வயதான தமிழ் மெக்கானிக் ஒருவர் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "தம்பி, கிளட்சைக் கொஞ்சம் விடுங்க" என்றார். விட்டேன். "ஆக்சிலை எதுக்கு மாத்துனீங்க? இன்ஜினே எந்திரிச்சு உக்காருது பாருங்க" என்றார். டிரைவ் ஷாஃப்டைத்தான் அவர் ஆக்சில் என்றார். அன்று அவர் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம்.

சமதளத்தில், முன்னும் பின்னும் வெற்றிடம் உள்ள இடத்தில் காரை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுவதுமாக இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, இன்ஜினை ஓடவிடுங்கள். திறந்த பானட்டின் வழியே இன்ஜினைக் கவனிக்கத் துணைக்கு வருபவர் காரின் பக்கவாட்டில் மட்டுமே நிற்க வேண்டும். முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது. முதல் கியரில் போட்டு, இன்ஜின் சத்தம் சற்றுத் தாழும் வரை கிளட்சை விட்டு, உடனே மீண்டும் மிதியுங்கள். பின்னர் ரிவர்ஸ் கியரிலும் அதையே செய்யுங்கள். இன்ஜின் சற்றே சாய்ந்து திரும்புவது இயல்பு. 'டக்' என்ற சத்தத்தோடு பெரிதாகத் துள்ளினால் மவுண்டின் ரப்பர் கிழிந்திருக்கலாம். பல கார்களில் இன்ஜினுக்கு அடியில் எலும்புத்துண்டு வடிவில் ஒரு மவுண்ட் இருக்கும். முறுக்கைத் தாங்குவது பெரிதும் அதுதான். என் காரில் போயிருந்ததும் அதுவே.

படி 5: லோயர் ஆர்ம் புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும்

பின்சக்கரங்களுக்கு அடை கொடுத்து, ஜாக்கியால் முன்பக்கத்தை உயர்த்தி, தாங்கி முக்காலிகளின் மேல் உட்காரவையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டாதீர்கள். லோயர் ஆர்ம் உடலோடு சேரும் இடத்தில் கம்பியை வைத்து மெல்ல நெம்பினால், ரப்பர் வெடித்திருப்பதும் உலோகத்திலிருந்து பிரிந்திருப்பதும் தெரியும். ஷாக் அப்சார்பரின் மேல் எண்ணெய் வழிந்திருந்தால் அது தன் வேலையை விட்டுவிட்டது.

புஷ் மட்டுமோ, லோயர் ஆர்ம் முழுவதுமோ ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் விசாரித்து வாங்கலாம். இரு பக்கமும் சேர்த்து மாற்றி, பிறகு வீல் அலைன்மெண்ட் செய்துகொள்ளுங்கள். பாலியூரித்தேன் புஷ்களும் கடினமான மவுண்டுகளும் குதிப்பை நன்றாகவே அடக்கும் என்றாலும், சிக்னலில் நிற்கும்போது இன்ஜினின் அதிர்வு இருக்கை வரை வரும் என்பதால், நகருக்குள் ஓட்டும் குடும்பக் காருக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். காரைக் கீழே இறக்குவதற்கு முன், டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறைகளையும் விரலால் மடித்துப் பாருங்கள். கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தால், அதையும் இந்த வேலையோடு சேர்த்தே மாற்றிவிடலாம்.