வாராந்தக் கூட்டத்தில் எல்லோரும் வாய் திறக்க

கொழும்பில் திங்கள் காலை 8.30க்குக் கூட்டம் வைப்பதுதான் முதற்பிழை. பாணந்துறை, கம்பஹா ரயில்கள் பிந்தினால் பாதிப்பேர் களைத்து விழுந்துதான் வருவார்கள். 10 மணிக்குப் பிளேன்டீயோடு தொடங்கி 25 நிமிடத்தில் முடியுங்கள்.

வெள்ளி மாலையே வாட்ஸ்அப்பில் 2 கேள்விகள் அனுப்புங்கள். "விற்பனை நிலவரம்" என்று தலைப்புப் போட்டால் அறிக்கைதான் வாசிப்பார்கள். "மட்டக்களப்பு ஓடர் ஏன் பிந்துகிறது, எதை மாற்றலாம்?" என்று கேட்டால் யோசித்து வருவார்கள்.

மேலாளர் கடைசியாகவே பேசவேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அவர் முதலில் கருத்துச் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். கேள்வியை வாசித்ததும் 2 நிமிடம் எல்லோரும் துண்டுத்தாளில் எழுதட்டும். ஆகப் புதிதாகச் சேர்ந்தவர் முதலில் வாசிக்கட்டும். தமிழிலோ சிங்களத்திலோ எழுதலாம், பேசலாம் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆங்கிலம் பிழைத்துவிடுமோ என்ற பயத்தில் எத்தனையோ நல்ல யோசனைகள் வெளியே வருவதில்லை.

"எல்லோரும் நன்றாகச் செய்தீர்கள்" என்ற பாராட்டு யாருக்கும் ஒட்டாது. யார், எந்த வேலையை, எப்படிச் செய்தார் என்று சொல்லுங்கள்.

முடிவுகளைப் பலகையில் எழுதுங்கள்: வேலை, பொறுப்பாளர், திகதி. அடுத்த கூட்டத்தின் முதல் 5 நிமிடம் அந்தப் பட்டியலுக்கே. அதைக் கேட்க மறந்தால் மூன்றாம் வாரம் எவரும் எழுதமாட்டார்கள்.