விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள்

பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்களுக்கு வீட்டுக்கே போய் பிசியோ பார்ப்பது என் வேலை. மாத்திரையை வேளாவேளைக்குப் போடுங்கள், பயிற்சியை விடாதீர்கள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். வீட்டில் கவனிக்கிறவர்களும், படித்து முடித்த கையோடு வேலைக்கு வரும் சின்னப் பிள்ளைகளும் (எங்கள் செட்டும் அப்படித்தான் இருந்தது) திரும்பத் திரும்பச் செய்கிற சிலதை மட்டும் சொல்கிறேன். அதில் ஒன்றைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

கையைப் பிடித்துத் தூக்குவது

அப்பாவைக் கட்டிலிலிருந்து எழுப்ப வேண்டும். மகன் எதிரே நின்று, "ஒண்ணு, ரெண்டு, மூணு, எந்திரிப்பா" என்று இரண்டு கையையும் பிடித்து ஒரே இழுப்பு. மனசு நல்ல மனசுதான், போவது தோள்பட்டை.

தோள்மூட்டின் கிண்ணம் ஆழமே இல்லாதது. தேக்கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்த மாதிரிதான் கையெலும்பின் தலை அதில் உட்கார்ந்திருக்கிறது, விழாமல் பிடித்திருப்பது பெரும்பாலும் சுற்றியுள்ள தசைகள். பக்கவாதம் வந்த முதல் வாரங்களில் அந்தத் தசைகள் துவண்டு கிடக்கும், தொங்கும் கையின் எடையே மூட்டைக் கீழே இறக்கப் போதும். தோளின் மேல் நுனி எலும்புக்குக் கீழே தடவிப் பாருங்கள், ஒரு விரல் பதிகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் மூட்டு இறங்கியிருக்கிறது. ஆனால் இறங்கிய தோள் எல்லாருக்கும் வலிக்கும் என்பதில்லை, அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை.

ஒரு வீட்டில், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா. கால் நன்றாகத் தேறி, திண்ணை வரைக்கும் நடக்கிறார். கையோ புறங்கையெல்லாம் வீங்கி, விரல் மூட்டுகளின் சுருக்கமே மறைந்துபோய், மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றியிருந்தார்கள். சட்டையைத் தொட்டாலே "வேணாம் தம்பி" என்று கையை மார்போடு அணைத்துக்கொள்கிறார். நிமிர்ந்து பார்த்தால் ஜன்னல் கம்பியில் ஒரு கப்பி, நைலான் கயிறு. முன்னால் வந்து பார்த்த பையன் மாட்டிக் கொடுத்தது: நல்ல கையால் கயிற்றை இழுத்து, விழுந்த கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டுமாம். ஐயா கடமை தவறாதவர், ஒரு நாள் விடாமல் செய்திருக்கிறார்.

கையை முழுதாகத் தூக்கும் 180 டிகிரியில் சுமார் 60 டிகிரி தோள்பட்டை எலும்பு சுழல்வதால் கிடைப்பது. பக்கவாதத்தில் அந்த எலும்பு சரியாகச் சுழலாது, கையும் உள்பக்கமாகத் திரும்பி நிற்கும். அப்படியே கயிற்றால் தூக்கினால் இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) ஒவ்வொரு தடவையும் நசுங்கும். 1990-ல் வந்த ஓர் ஆய்வில் கப்பிப் பயிற்சி செய்தவர்களில் 62 சதவீதம் பேருக்குத் தோள்வலி, பிசியோ கையால் அசைத்துவிட்டவர்களில் 8 சதவீதம். 28 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், ஆனாலும் இத்தனை வருஷம் கழித்தும் கப்பி மாட்டுகிறார்களே என்பதுதான் என் ஆத்திரம். கை வேகமாகத் தேறக்கூடிய காலம் முதல் மூன்று மாதம். அதை வலிக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் "கை மட்டும் வரலையே" என்றால் என்ன செய்வது? கப்பியைக் கழற்றிவிட்டேன், கயிறு துணி காயப் போட ஆயிற்று.

சரி, எப்படித்தான் எழுப்புவது? முதலில் கட்டிலின் விளிம்புக்கு நகர்த்தி, இரண்டு பாதமும் தரையில் பதிய, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும்படி வையுங்கள். நீங்கள் பலவீனமான பக்கம் நின்று, அந்த முழங்கால் மடங்கிவிடாமல் உங்கள் முழங்காலால் அணை கொடுங்கள். இடுப்பில் பெல்ட்டோ மடித்த துண்டோ இறுக்கிக் கட்டி, அதைத்தான் பிடிக்க வேண்டும். அக்குளில் கைவிட்டுத் தூக்குவதும் கையைப் பிடித்து இழுப்பதும் ஒன்றுதான். மூக்கு பாதத்துக்கு மேலே வரும் வரை முன்னால் குனியச் சொல்லுங்கள், பிருஷ்டம் தானாகக் கிளம்பும்.

சட்டை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது கடைசியில். உட்கார்ந்தால் கை தொங்கக் கூடாது, முழங்கையும் மணிக்கட்டும் தலையணை மேலே இருக்கட்டும்.

ஸ்பான்ஜ் பந்து

கையில் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வார்கள், அது விரலை மடக்கும் வேலைதான். பல பேருக்கு விரல் மடக்க வந்துவிடும், விரிக்கத்தான் வராது. விரிக்கப் பழக்குங்கள்.

வெந்நீர் ஒத்தடம்

உணர்ச்சி மங்கிய கையில் வேண்டாம். கொப்புளம் வந்த பிறகுதான் சூடு தெரியும்.

நாள் முழுக்க ஸ்லிங்

கையைக் கழுத்திலிருந்து தாங்கும் அந்தத் துணிப்பட்டை நிற்கும்போதும் நடக்கும்போதும் இருந்தால் போதும்.

அவசர நடை

ஆதரவில்லாமல் உட்காரவே முடியாதவரை, இரண்டு பக்கமும் ஆள் பிடித்து வீடு சுற்றி வருவார்கள், சொந்தக்காரர்கள் பார்த்துச் சந்தோஷப்படலாம். முழங்கால் பின்பக்கமாகப் பூட்டிக்கொள்ளும், பாதம் தரையில் இழுபடும், அந்த நடை பழகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. உட்கார்ந்தபடி இரு பக்கமும் சாய்ந்து நிமிர்வது, நின்றபடி பலவீனமான காலில் எடை போடுவது, இவை வந்த பிறகு நடக்கலாம். கைத்தடி நல்ல கையில் இருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு ரேகை உயரத்துக்கு வர வேண்டும், தாத்தா வைத்திருந்த தடியென்றால் அளந்து அறுத்துவிடுங்கள்.