மார்சேய்: துறைமுகம் நகர்ந்த வழியே ஒரு நாள் நடை

கப்பல்கள் பெருகப் பெருக, தென் பிரான்சிலுள்ள மார்சேய் துறைமுகம் வடக்கும் மேற்குமாக நகர்ந்துகொண்டே போனது. பணமும் அதன் பின்னாலேயே போனது. அதே வரிசையில் நடந்தால் ஊரின் கணக்கு பிடிபடும். திங்களன்று நகராட்சி அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும் என்பதால் அந்த நாளைத் தவிருங்கள்.

காலை 8 மணி வாக்கில் முதலாம் மெட்ரோ வழியில் வியூ-போர் (பழைய துறை) நிலையத்தில் இறங்குங்கள். படித்துறையில் மீன் விற்பனை மதியத்தோடு முடிந்துவிடும். கி.மு. 600 வாக்கில் போக்கேயாவிலிருந்து (இன்றைய துருக்கிக் கரையிலிருந்த கிரேக்க நகரம்) கிரேக்கர் வந்திறங்கியதைச் சொல்லும் பலகையும் இங்கேதான் தரையில் பதிந்திருக்கிறது. அன்று கடல் இன்னும் உள்ளே வரை வந்திருந்தது. தூர்ந்துபோன அந்தப் பகுதி 1967இல் பூர்ஸ் வணிக வளாகத்துக்காகத் தோண்டியபோது வெளிப்பட்டது. அங்குள்ள வரலாற்று அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கேயே கிடைத்த ரோமானிய வணிகக் கப்பலைப் பார்க்காமல் வர வேண்டாம்.

அடுத்து பழைய துறையின் வடகரை. பலரும் ஏமாறுவது இங்கேதான். நீரை ஒட்டி நிற்கும் வரிசை வீடுகள் பழையவை அல்ல. 1943இல் ஜெர்மானியப் படை இப்பகுதியை வெடிவைத்துத் தகர்த்த பிறகு கட்டப்பட்டவை. 17ஆம் நூற்றாண்டின் நகர மாளிகை தப்பியது. இடிபாட்டை அகற்றிக் கட்டும்போது ரோமானியக் கிடங்கின் பெருந்தாழிகள் கிடைத்தன. அவை கிடைத்த இடத்திலேயே சிறிய அருங்காட்சியகமாக இருக்கின்றன.

1669இல் பதினான்காம் லூயி மன்னரின் நிதியமைச்சர் கோல்பேர் இத்துறைக்குச் சுங்க விலக்கு தந்தார். கிழக்கு மத்தியதரைக் கடல் சரக்கு வேறு வழியாகப் பிரான்சுக்குள் வந்தால் 20 சதவீத வரி. ஊர் வளர்ந்ததில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

வழியில் சோப்பு வாங்குவதானால் ‘மார்சேய் சோப்பு’ என்ற பெயரை நம்பாதீர்கள், யாரும் அச்சிடலாம். எண்ணெய் அளவைக் குறிக்கும் 72 சதவீத முத்திரை இருக்கிறதா, பொருட்பட்டியலில் வாசனைப் பொருளும் சாயமும் இல்லாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பச்சைக் கட்டி ஆலிவ் எண்ணெய்; வெளிர் நிறக் கட்டி பிற தாவர எண்ணெய். 19ஆம் நூற்றாண்டில் ஆலைகள் வெளிநாட்டு எண்ணெய் வித்துகளுக்கு மாறின. தென்னாற்காட்டு மல்லாட்டை (நிலக்கடலை) பாண்டிச்சேரியில் கப்பலேறி இங்கே வந்து செக்காலைக்குப் போனது.

பிறகு செயின்ட் ஜான் கோட்டையைத் தாண்டிக் கடலோரமாக ஜோலியெட் வரை நடங்கள். அரை மணி நேரம் ஆகும். மிஸ்திரால் என்னும் பலத்த வடமேற்குக் குளிர்காற்று வீசும் நாளில் உட்தெரு நல்லது. நீராவிக் கப்பல்களுக்குப் பழைய துறை போதாமல் 1844இல் இங்கே புதிய கப்பல் தளத்தின் வேலை தொடங்கியது. எதிரே 365 மீட்டர் நீளக் கிடங்கு. இன்று அலுவலகங்களும் கடைகளும். 1869இல் சூயஸ் திறந்ததும் ஆசியச் சரக்கு பெருகியது.

அருகிலுள்ள தெராஸ் து போர் அங்காடியின் மாடியிலிருந்து கோர்சிகா, அல்ஜீரியாவுக்குப் போகும் பயணிக் கப்பல்கள் தெரியும். பெரிய கன்டெய்னர் கப்பல்களைத் தேட வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை சுமார் 50 கிலோமீட்டர் மேற்கே ஃபோஸ் துறைக்குப் போகின்றன. திரும்ப, ஜோலியெட்டில் இரண்டாம் மெட்ரோ.