பெல்கிரேடுக்கு போறீங்களா? டிக்கெட் வேணாம், கொஞ்சம் விவரம் தெரிஞ்சா போதும்

செர்பியாவோட தலைநகர் பெல்கிரேட்ல பஸ், ட்ராம், ட்ராலிபஸ் எல்லாமே 2025 ஜனவரி 1லேர்ந்து ஃப்ரீ, அதுவும் ஊர்க்காரங்களுக்கு மட்டும் இல்ல, சுத்திப்பாக்க போற நமக்கும்தான். கார்டு வாங்கணும், எஸ்எம்எஸ் அனுப்பணும்னு பழைய பதிவுகள்ல எழுதி வச்சிருப்பாங்க, அதெல்லாம் படிச்சு கொழம்பாதீங்க, கதவு தொறந்தா ஏறிக்கலாம். ஆனா ஊருக்குள்ள சுத்துறது சுலபம்னா நாட்டுக்குள்ள நுழையறதும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுடாதீங்க, நம்மாளுங்க தடுமாறுறது அங்கதான்.

முதல்ல விசா. இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் விசா இல்லாம விட்டுட்டு இருந்தாங்க, 2023 பொறந்ததும் அத நிறுத்திட்டாங்க. இப்ப செர்பியா விசா எடுக்கணும், இல்லன்னா கையில காலாவதியாகாத ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்கு பொதுவான விசா), யூகே, அமெரிக்கா விசா ஏதாவது ஒண்ணு இருக்கணும், அது இருந்தா 180 நாள்ல 90 நாள் வரைக்கும் தனி விசா இல்லாம இருக்கலாம். இதுல ஒரு சிக்கல், செர்பியா ஷெங்கன்லயும் இல்ல ஈயூலயும் இல்ல, அதனால சிங்கிள் என்ட்ரி ஷெங்கன் விசாவ வச்சுகிட்டு வியன்னாலேர்ந்து பெல்கிரேட் போனா திரும்ப வியன்னாவுக்குள்ள விட மாட்டாங்க. மல்டிபிள் என்ட்ரியான்னு பாத்துட்டு டிக்கெட் போடுங்க, கெளம்பறதுக்கு முன்னாடி எம்பசி சைட்டயும் ஒரு தடவ பாத்துடுங்க. பக்கத்துல இருக்கற கொசோவோ (செர்பியா இத தனி நாடா ஏத்துக்கல) போற ப்ளான் இருந்தா செர்பியாவ மொதல்ல முடிச்சுட்டு அப்பறம் போங்க, ஏன்னா நேரா கொசோவோல எறங்கிட்டு அங்கேர்ந்து செர்பியா பக்கம் வந்தா சட்டப்படி உள்ள வராத ஆளுன்னு சொல்லி திருப்பி அனுப்பிடுவாங்க.

நம்ம ஊர்லேர்ந்து நேரடி ஃப்ளைட் கெடையாது, துபாய், தோஹா, இஸ்தான்புல் வழியா மாறித்தான் போகணும். ஏர்போர்ட் பேரு நிக்கோலா டெஸ்லா, ஊர்லேர்ந்து சுமார் 18 கிலோமீட்டர். வெளிய வந்ததும் 72ஆம் நம்பர் பஸ் பிடிச்சா ஸெலெனி வெனாட்ஸ்ங்கற எடத்துல விடும், அங்கேர்ந்து கொஞ்சம் மேடு ஏறினா நடு ஊரு. ஏ1னு ஒரு மினி பஸ்ஸும் இருக்கு, அது ஸ்லாவியா சதுக்கம் போகும், ஆனா அதுக்கு மட்டும் காசு உண்டு. ராத்திரி லேட்டா எறங்கி டாக்ஸிதான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, வாசல்ல வந்து டாக்ஸி டாக்ஸின்னு கூப்புடுறவங்க கூட பேச்சே குடுக்காதீங்க. வருகை ஹால்லயே டாக்ஸி கவுன்ட்டர் இருக்கு, எங்க போறீங்கன்னு சொன்னா ஏரியாவுக்கு ஏத்த ரேட்ட ஒரு சீட்டுல எழுதி குடுப்பாங்க, அத டிரைவர்கிட்ட காட்டினா முடிஞ்சுது. ஊருக்குள்ள ஊபர் கெடையாது, யாண்டெக்ஸ் கோ ஆப் போட்டுக்கோங்க. ரோட்ல கை காட்டி நிறுத்துறதா இருந்தா நம்பர் ப்ளேட் கடைசில டிஎக்ஸ்னு இருக்கான்னு பாத்துட்டு ஏறுங்க.

காசு தினார். ஒரு யூரோவுக்கு 117 தினார் பக்கம் வரும். செர்பியாவுக்கு வெளிய தினார மாத்துறது பெரும்பாடு, அதனால தெருவுக்கு தெரு இருக்கற மெஞாச்னிட்சா கடைகள்ல அப்பப்ப கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க, கெளம்பும்போது மிச்சத்த அங்கயே தீத்துடுங்க. 100 தினார் நோட்டுல டெஸ்லா படம் இருக்கும், ஞாபகார்த்தமா ஒண்ணு வச்சுக்கலாம்.

தங்கற எடத்துல மறக்காம கேக்க வேண்டியது போலீஸ் பதிவு. வெளிநாட்டுக்காரங்க வந்து 24 மணி நேரத்துக்குள்ள பதிவாகணும், ஹோட்டல்னா அவங்களே பண்ணிடுவாங்க, அபார்ட்மென்ட் எடுத்தா வீட்டுக்காரர் பண்ணணும். சில பேர் அதெல்லாம் யாருங்க கேக்கப்போறான்னு விட்டுடுவாங்க, நீங்க பண்ணிக்குடுங்கன்னு கறாரா சொல்லுங்க.

மெட்ரோ இல்லாத ஊரு இது, சாயங்காலம் ட்ராஃபிக் கொல்லும், பாலத்து மேல பஸ் நின்னா நின்னதுதான். அதனால பழைய ஊர நடந்தே பாருங்க. ரிபப்ளிக் சதுக்கத்துல குதிரை மேல இளவரசர் மிஹாய்லோ சிலை இருக்கு, ஊர்க்காரங்க யாரையாவது சந்திக்கணும்னா குதிரைகிட்ட வந்துடுன்னுதான் சொல்லுவாங்க. அங்கேர்ந்து வண்டியே வராத க்னெஸ் மிஹாய்லோவா தெருவுல நேரா நடந்தா கலெமெக்தான் கோட்டை. உள்ள போக காசு இல்ல, மதில் ஓரத்துல நின்னா கீழ சாவா ஆறு வந்து டான்யூப்ல கலக்கறது நல்லாத் தெரியும். கால் வலிச்சா 2ஆம் நம்பர் ட்ராம்ல ஏறி ஒக்காந்துடுங்க, அது நடு ஊர ஒரு ரவுண்டு அடிச்சு வரும், வேற டூர் பஸ்ஸெல்லாம் என்னத்துக்கு. ரோட்ட தோண்டி வேலை நடந்தா மட்டும் ரூட் மாறும்.

ஸ்டாப்புலயும் பஸ் நெத்திலயும் பேரு பெரும்பாலும் சிரிலிக் எழுத்துல (ரஷ்யன் எழுத்து மாதிரி) இருக்கும். நாலு எழுத்து பழகினா போதும்: இங்கிலீஷ் P மாதிரி தெரியறது ர, B மாதிரி தெரியறது வ, C மாதிரி இருக்கறது ஸ, H மாதிரி இருக்கறது ந. இது தெரிஞ்சாலே பாதி போர்டு படிச்சுடலாம்.

செயின்ட் சாவா கோயில் கண்டிப்பா போகணும், மேல இருக்கறத பாத்துட்டு திரும்பிடாதீங்க, கீழ நெலவறைக்கு எறங்குங்க, செவுர்லயும் கூரைலயும் தங்க நெறத்தோட ஓவியங்க. டெஸ்லா மியூசியத்துல டெமோ நடக்கும்போது கையில ட்யூப் லைட்ட குடுத்து நிக்க வைப்பாங்க, ஒயரே இல்லாம கையிலயே எரியும், புள்ளைங்க இருந்தா இத விட்டுடாதீங்க. பழைய யூகோஸ்லாவியாவ ஆண்ட டிட்டோவோட சமாதி இருக்கற யூகோஸ்லாவியா மியூசியத்துக்கு 40, 41 ட்ராலிபஸ், திங்கக்கிழம லீவு. ஸெலெனி வெனாட்ஸ்லேர்ந்து 84 பிடிச்சா ஸெமூன் போகலாம், ஓட்டு வீடும் சந்துமா அது தனி ஊரு மாதிரி. போற வழில உஷ்சேல எறங்கினா நட்புப் பூங்கா, 1961ல அணிசேரா நாடுகளோட முதல் மாநாடு இந்த ஊர்லதான் நடந்துச்சு, நேருவும் சிறிமாவோவும் வந்திருந்தாங்க, அப்ப வந்த தலைவருங்க மரம் நட்ட பூங்கா இது.

சாப்பாடு. கறி சாப்புடுறவங்களுக்கு கவலையே இல்ல, கொத்துக்கறிய உருட்டி சுட்ட செவாப்பியும், தட்டையா தட்டி சுட்ட ப்ளெஸ்கவிட்சாவும் எங்க பாத்தாலும் கெடைக்கும். சைவக்காரங்க ‘போஸ்னோ’னு கேளுங்க, அது ஆர்த்தடாக்ஸ் விரதச் சாப்பாடு, கறி, முட்டை, பால் எதுவும் இருக்காது, ஆனா மீன் இருக்கலாம், அத மட்டும் கேட்டுக்கோங்க. விரத நாள்ல பேக்கரிலயே போஸ்னோன்னு தனியா வச்சிருப்பாங்க. ப்ரெப்ரனாட்ஸ்னு ஒண்ணு, வெள்ள பீன்ஸ வெங்காயத்தோட அடுப்புல வச்சு வேகவச்சது, சில கடைல கறித்துண்டு போடுவாங்க, ‘பெஸ் மேசா’ன்னு சொன்னா கறி இல்லாம குடுப்பாங்க. காலைல பேக்கரில சீஸ் புரெக் (மெல்லிசு மாவு அடுக்குக்குள்ள சீஸ் வச்சு சுட்டது) ஒரு துண்டும் தயிரும் வாங்கினா மத்தியானம் வரைக்கும் தாங்கும், தயிர்னா நம்ம கெட்டி மோர் மாதிரி டம்ளர்ல குடிக்கறது. கஃபானாங்கற அந்த ஊரு சாப்பாட்டுக்கடைல உள்ளயே சிகரெட் பிடிப்பாங்க, பொக ஒத்துக்காதவங்க வெளி டேபிளா பாத்து ஒக்காருங்க.

மே, ஜூன், செப்டம்பர்தான் நல்ல நேரம். குளிர்காலத்துல கொஷவான்னு ஒரு காத்து அடிக்கும், ஸ்வெட்டர் மட்டும் போட்டுட்டு போனா தாங்காது. வேற ஊருக்கு பஸ் பிடிக்கறவங்க ஒண்ணு கவனிங்க, பழைய பஸ் ஸ்டாண்ட 2024 செப்டம்பர்ல மூடிட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் நியூ பெல்கிரேடுக்கு மாத்திட்டாங்க, ரயில்வே ஸ்டேஷனும் இப்ப ப்ரோகோப்லதான். பழைய மேப்ப நம்பி சாவா ஆத்தங்கரைக்கு பெட்டியோட போய் நிக்காதீங்க.