'டெத் பை டிகிரீஸ்' வாங்குமுன் விளையாடியவர்களின் கருத்துகளை எடைபோடும் முறை

கோவையிலோ ஈரோட்டிலோ பழைய பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகள் விற்குமிடத்தில் 'டெத் பை டிகிரீஸ்' கண்ணில் பட்டால், டெக்கென் என்ற சண்டை விளையாட்டுத் தொடரின் நீனா வில்லியம்ஸ் அதன் நாயகி என்பதற்காக மட்டும் வாங்கிவிடாமல், விளையாடியவர்கள் சொன்னதை முதலில் பிரித்துப் பாருங்கள்.

நாம்கோ நிறுவனம் 2005இல் வெளியிட்ட இந்த ஆக்‌ஷன் விளையாட்டில், கன்ட்ரோலரின் வலது அனலாக் ஸ்டிக்கை (கட்டைவிரலால் அசைக்கும் சிறு குச்சியை) எதிரி நிற்கும் திசையில் தள்ளினால்தான் அடி விழும். டெக்கெனில் ஒவ்வொரு கைக்கும் காலுக்கும் தனித்தனிப் பட்டனை அழுத்திப் பழகியவர்களுக்கு இதுவே பெரும் ஏமாற்றம். ஆகவே, ஒரு கருத்தைப் படிக்கும்போது, அதைச் சொன்னவர் சண்டை விளையாட்டை எதிர்பார்த்தாரா, ஆக்‌ஷன் விளையாட்டை எதிர்பார்த்தாரா என்று கவனியுங்கள். முன்னவரின் கோபம் நியாயமானதே, ஆனால் அது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். இடைஞ்சலான கேமரா கோணம், நீண்ட லோடிங், போன வழியிலேயே மீண்டும் அலைவது ஆகிய குறைகளோ எவர் விளையாடினாலும் மாறாதவை என்பதால், அவற்றுக்கே அதிக எடை கொடுங்கள்.

எலும்பு முறிவதை எக்ஸ்ரே போலக் காட்டும் தாக்குதலைப் பாராட்டுவோர் உண்டு. எனக்கும் அது பிடிக்கும், ஆயினும் அதற்காக மட்டும் அதிக விலை கொடுக்க வேண்டாம். திருப்பூர்ப் பக்கம் நண்பர் எவரிடமேனும் டிஸ்க் இருந்தால், கப்பலில் நடக்கும் தொடக்கப் பகுதியை விளையாடிப் பார்த்தபின் முடிவெடுங்கள்.